பொன்மூடிக்கு எந்தப் பட்டன்?

ஐப்பசியில் பொன்மூடி மண் உலர்ந்து கிடக்கும் என்று யாரும் நம்புவதில்லை. மலையாளிகள் துலாவர்ஷம் என்று சொல்லும் அந்த மழைக்கு ஒரு கிறுக்குக் குணம் உண்டு: காலையில் பளிச்சென்று வெயில், பிற்பகலில் இடியோடு கொட்டு. 2023 அக்டோபர் 26 முதல் 29 வரை ஆசிய மலைச் சைக்கிள் சாம்பியன்ஷிப் நடந்தது இந்தப் பருவத்தில், இந்த மலையில்தான். பாரிஸ் ஒலிம்பிக்குக்கான தகுதிப் போட்டியும் அதுவே. திருவனந்தபுரத்திலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர் வந்து, 22 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி, 1,100 மீட்டர் உயரத்துத் தேயிலைச் சரிவுகளில் ஆசியாவின் முன்னணி வீரர்கள் சக்கரம் உருட்டினார்கள். பத்துப் பன்னிரண்டு நாள் முன்புதான் ஒரே இரவு மழையில் நகரின் தாழ்ந்த பகுதிகள் வெள்ளத்தில் மூழ்கியிருந்தன.

அப்படி ஒரு வாரத்தில் முன்சக்கரத்துக்கு எந்த டயர்? மழை, மலை, கேரளம் என்ற மூன்று சொற்களும் சேர்ந்தால் கடைக்காரர் முதல் கூட வரும் நண்பர் வரை எல்லோரும் ஒரே பதில்தான் சொல்வார்கள்: சேற்று டயர், நீளமான ரப்பர்ப் பட்டன்கள் வைத்தது. திருவனந்தபுரம் மாவட்டத்தின் தரையைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தால் அந்தப் பதில் பெரும்பாலான நாள்களில் தவறு என்று தெரியும்.

முன்சக்கரத்தைத் தனியாகப் பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. பின்சக்கரம் வழுக்கினால் சைக்கிள் வாலை ஆட்டும். இடுப்பை அசைத்தோ ஒரு காலை ஊன்றியோ மீண்டுவிடலாம். சிலர் அதை ரசிக்கவும் செய்வார்கள். முன்சக்கரம் வழுக்கினால் ரசிக்க நேரமில்லை. என்ன நடந்தது என்று புரிவதற்குள் முழங்கை தரையில் உரசிக்கொண்டிருக்கும். சமதளத்தில் ஓட்டுபவரின் எடையில் ஏறத்தாழ 40 சதவீதம்தான் முன்சக்கரத்தில் விழுகிறது. இறக்கத்தில் பிரேக் பிடித்த நொடியே எடை முன்னால் சாய்ந்து, வேகத்தைக் குறைக்கும் வேலையில் பெரும்பங்கு அதன் தலையில் வந்து விழுகிறது. திருப்புவதும் அதுவே, நிறுத்துவதும் அதுவே. பின்சக்கரத்தின் முதல் வேலை தள்ளுவது.

இந்த வேலைப் பிரிவினை டயர் செய்பவர்களுக்குப் புரியக் கொஞ்சக் காலம் ஆனது. 1976 அக்டோபரில் கலிபோர்னியாவின் மரின் மலைகளில் சில இளைஞர்கள் ரீபேக் என்ற பெயரில் இறக்கப் பந்தயம் ஓட்டத் தொடங்கினார்கள். ஜோ பிரீஸ், கேரி ஃபிஷர், சார்லி கெல்லி என்று பின்னாளில் மலைச் சைக்கிளின் முன்னோடிகளாகக் கொண்டாடப்பட்டவர்கள் இவர்கள்தான். அவர்கள் ஓட்டியவை தாத்தா காலத்துச் சைக்கிள்கள். 1933இல் ஷ்வின் நிறுவனம் அறிமுகப்படுத்திய பலூன் டயரின் வழிவந்த பருத்த டயர்கள்தான் இரண்டு சக்கரங்களிலும்; முன் பின் என்ற பேதமில்லை. 2000களின் தொடக்கத்தில் மாக்ஸிஸ் நிறுவனத்தின் மினியன் வந்தபோது பெயரிலேயே பேதம் ஏறியது: டிஹெச்எஃப் என்பதில் கடைசி எழுத்து ‘ஃப்ரண்ட்’ என்பதைக் குறிக்கிறது. ஷ்வால்பே 2018இல் முன்சக்கரத்துக்கு ரேசிங் ரே, பின்சக்கரத்துக்கு ரேசிங் ரால்ஃப் என்று ஜோடியாகக் கொடுத்தது. கான்டினென்டல் 2022இல் கிரிப்டோடல் டயரை முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று என்று பிரித்தது.

முன் டயரைப் பக்கத்திலிருந்து பார்த்தால் வேறுபாடு தெரியும். லாரிக்காரர்களும் சைக்கிள் கடைக்காரர்களும் பட்டன் என்று சொல்லும் ரப்பர்க் கட்டிகள், நடுவரிசையில் முன்பக்கம் சற்றே சரிவாகச் சீவப்பட்டிருக்கும். உருளும்போது தரையை மோதாமல் ஏறிப்போவதற்கு. ஓரவரிசை முரட்டுத்தனமாக, முட்டுக்கொடுத்து நிற்கும். வளைவில் சாயும்போது உயிர் அதில்தான் தொங்குகிறது. மினியனில் நடுவரிசைக்கும் ஓரவரிசைக்கும் இடையில் ஒரு வெற்று வாய்க்கால் ஓடுகிறது. சைக்கிளைத் துணிந்து சாய்ப்பவர் ஒரே பாய்ச்சலில் ஓரப் பட்டனுக்குப் போய்ப் பிடித்துக்கொள்வார். பயந்து பயந்து பாதி சாய்ப்பவர் அந்த வாய்க்காலில் மாட்டி வழுக்குவார். தென்னாப்பிரிக்காவின் டவுன்ஹில் வீரர் கிரெக் மின்னாரின் யோசனையில் 2018இல் அதே நிறுவனம் வெளியிட்ட அசெகாய் டயரில் அந்த வாய்க்காலை இடைப் பட்டன்கள் நிரப்புகின்றன. அசெகாய் என்பது தென்னாப்பிரிக்க ஈட்டியின் பெயர். பெயர் பயமுறுத்தினாலும், புதிதாக மலையேறுபவருக்கு இரண்டில் இதுதான் இணக்கமானது. கொஞ்சம் கனம், கொஞ்சம் மந்தம். ஏற்றத்தில் மூச்சு வாங்க வைக்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

எந்தத் தரைக்கு எந்த டயர் என்ற வாய்ப்பாடு உலகெங்கும் ஏறக்குறைய ஒன்றுதான். கெட்டியான காய்ந்த பாதைக்குக் குட்டைப் பட்டன், நெருக்கமாக. உதிரி மண்ணுக்கு நடுத்தர உயரம், ஓரத்தில் வலுவாக. சேற்றுக்கு நீளமான கூர்ப் பட்டன், இடைவெளி அகலமாக. இது பொய்யில்லை. ஆனால் அந்த வாய்ப்பாடு கலிபோர்னியப் புழுதியையும் இங்கிலாந்தின் காட்டுச் சேற்றையும் ஆல்ப்ஸ் மலைப் பாறையையும் பார்த்து எழுதப்பட்டது. வெட்டுக்கல் மண் அதில் இல்லை.

வெட்டுக்கல்லுக்கும் கேரளத்துக்கும் உள்ள உறவு பழையது. ஃபிரான்சிஸ் புக்கானன் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் தென்னிந்தியாவைச் சுற்றி எழுதிய பயண நூல் 1807இல் வெளிவந்தது. மலபாரின் அங்காடிப்புரத்தில் ஈரமாக இருக்கும்போது இரும்புக் கருவியால் வெட்டி எடுக்கப்பட்டு, வெயிலில் கிடந்து செங்கல்போல் இறுகும் மண்ணை அதில் விவரித்து, லத்தீனில் செங்கல்லைக் குறிக்கும் சொல்லிலிருந்து ‘லேட்டரைட்’ என்று பெயர் வைத்தார். உலகத்து மண்ணியல் நூல்களெல்லாம் இன்று பயன்படுத்தும் சொல் அது. திருவனந்தபுரத்தின் இடைநாடு முழுக்க, நெடுமங்காடு, பாலோடு, விதுரா வழியெல்லாம், இந்தச் செம்மண்தான். வரப்பு வெட்டினாலும் கிணறு தோண்டினாலும் இதுதான் வரும்.

சைக்கிள்காரருக்கு இந்த மண்ணின் குணம் இப்படி: மேலே கெட்டியான ஓடு, அதன்மேல் சிறு பட்டாணி அளவில் உருண்டையான இரும்புச் சரளை. மாசி, பங்குனியில் சரளை ஓட்டின்மேல் உதிரியாகக் கிடக்கும். தரையில் கொட்டிய கடுகின்மேல் நடப்பது போலத்தான். அப்போது நீளப் பட்டனால் பயனில்லை, குத்தி இறங்க அடியில் இளகிய மண் கிடையாது. ஓரத்தில் வலுவும் நடுவில் நெருக்கமும் உள்ள, நடுத்தர உயரப் பட்டன் சரளையை ஒதுக்கிக்கொண்டு ஓட்டைத் தொடும். வேனிலுக்கு இது போதும்.

இடவப்பாதி என்று மலையாளிகள் சொல்லும் தென்மேற்குப் பருவமழை வந்ததும் காட்சி மாறுகிறது. ஜூன் முதல் வாரத்து மழை சரளையைப் பாதை ஓரத்துக்கு அடித்துக்கொண்டு போய்விடும். மிஞ்சுவது கழுவிவிட்ட ஓடு, அதன்மேல் காகிதக் கனத்தில் ஒரு செங்குழம்பு. பார்வைக்குச் சேறு, விரலால் தொட்டால் உடனே அடியில் கல். குழப்பமே இங்கேதான் தொடங்குகிறது. நீளக் கூர்ப் பட்டன், மண்ணைக் குத்திக்கொண்டு உள்ளே போய் அடியிலுள்ள உறுதியைப் பிடிப்பதற்காகச் செய்யப்பட்டது. குத்த இடமில்லாத ஓட்டில் அது நுனிக்காலில் நிற்கும் ஆள் மாதிரி நிற்கிறது. தரையைத் தொடும் ரப்பர் குறைவு, வளைவில் பாரம் ஏறியதும் பட்டன் மடங்குகிறது, மடங்கியது நழுவுகிறது. சேற்றுக்கு என்று காசு கொடுத்து வாங்கிய டயர், சேறு மாதிரித் தெரியும் தரையில் ஆளைக் கீழே போடுவது இப்படித்தான்.

சேற்று டயர் அறவே வேண்டாம் என்றும் சொல்வதற்கில்லை. வெட்டுக்கல் ஓட்டுக்கு அடியில் வெளுத்த களிமண் அடுக்கு உண்டு. தோன்னய்க்கல் பக்கம் சீனக்களிமண் சுரங்கம் போட்டுத் தோண்டும் அளவுக்கு இந்த மாவட்டத்தில் களி இருக்கிறது. ஜேசிபி புதிதாகக் கீறிய எஸ்டேட் பாதைகளில், மண் சரிந்த இடங்களில், லாரி உழுத தடங்களில் அந்தக் களி மேலே வந்துவிடும். இட்லி மாவு போல அப்பிக்கொள்ளும் அந்தக் களியில் நெருக்கமான பட்டன் நான்கு சுற்றில் நிரம்பி மொட்டை டயராகிவிடும். ஃபோர்க்குக்கு இடையில் களி அடைத்துச் சக்கரமே நின்றுபோவதும் உண்டு. அங்கே அகல இடைவெளியோடு மாக்ஸிஸ் ஷார்ட்டி, கான்டினென்டல் ஆர்கோடல் போன்ற டயர்கள் தங்கள் விலையை நியாயப்படுத்தும். இளகிய மண் உள்ளே, கெட்டித் தரை அவ்வப்போது என்று கலந்துவரும் பாதைக்கு ஷ்வால்பேயின் மேஜிக் மேரி நடுவழி. பொன்மூடி மாதிரித் தேயிலைச் சரிவில் பந்தயத்துக்கென்று புதுப் பாதை வெட்டி, அதில் மழையும் பெய்து, இருநூறு சக்கரம் ஏறி இறங்கினால் களி மேலே வரத்தான் செய்யும். பந்தய வீரரின் கணக்கும் ஞாயிற்றுக்கிழமை ஓட்டுபவரின் கணக்கும் பிரியும் இடம் இது.

ரப்பர்த் தோட்டத்துக்கு எந்த வாய்ப்பாட்டிலும் இடமில்லை. இந்தியாவின் இயற்கை ரப்பரில் பெரும்பங்கு கேரளத்தில் விளைகிறது. நகரத்தை விட்டு கிழக்கே போகும் எந்தச் சைக்கிளும் ஏதோ ஒரு ரப்பர்த் தோட்டத்தின் படிவரப்பில் ஏறாமல் மலைக்குப் போக முடியாது. ஆடி, ஆவணியில் ரப்பர்க்காய் பட்டென்று வெடித்து விதையைச் சிதறடிக்கும். வழுவழுப்பான, புள்ளி போட்ட விதை. ஈரத் தரையில் அதன்மேல் முன்சக்கரம் ஏறினால் கோலிக்குண்டின்மேல் ஏறியதுதான். மார்கழி, தையில் இலை உதிர்ந்து கனமாக மெத்தை போடும் வரப்புகள் உண்டு. மெத்தைக்கு அடியில் வேரா, கல்லா, குழியா என்று கண்ணுக்குத் தெரியாது. இரண்டு பருவத்துக்கும் உதவுவது பட்டனின் உயரத்தைவிட டயரின் பருமன். 2.4 அங்குல டயர் குறைந்த காற்றில் விதையை விழுங்கிக்கொண்டு போகும், 1.95 அங்குல டயர் அதன்மேல் ஏறித் துள்ளும்.

கடற்கரை மணலைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. சங்குமுகத்திலோ வேளியிலோ மணலில் இறங்கினால் பட்டன் வடிவத்துக்கு மதிப்பில்லை, அகலமும் குறைந்த காற்றும்தான் கணக்கு. பக்கத்துத் தும்பாவில் ராக்கெட் ஏவத் தொடங்கிய ஆண்டுகளில் ராக்கெட்டின் மூக்குக் கூம்பைச் சைக்கிளின் பின்னால் வைத்துக் கொண்டுபோன புகைப்படம் உலகப் புகழ் பெற்றது. படத்தில் இருவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடக்கிறார்கள். ஒல்லி டயரோடு அந்தக் கரையில் வேறு என்ன செய்ய முடியும்?

உண்மையான எதிரி பாசி. ஈரப் பாறை, ஈர வேர், நிழலில் கிடக்கும் சிமென்ட் சாய்தளம், கல்லாற்றுப் பக்கத்துக் கற்கள் எல்லாவற்றிலும் ஜூனிலிருந்து நவம்பர் வரை பச்சைப் படலம். ரப்பர் ஈரக் கல்லைப் பிடிப்பது எப்படி என்றால், கல்லின் மேற்பரப்பில் உள்ள கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளங்களுக்குள் அது அமுங்கிப் புகுந்துகொள்வதால்தான். மிருதுவான ரப்பர் நன்றாகப் புகும். கடினமான ரப்பர் மேலேயே சறுக்கும். ஆகவே ஈரப் பாறைக்கு டயர் தேடுபவர் பட்டனை அளப்பதற்கு முன்னால் ரப்பரின் மென்மையைக் கேட்க வேண்டும். பாசி கனத்துப் பள்ளங்களை முழுக்க மூடிவிட்ட கல்லில் எந்த நிறுவனத்தின் எந்த ரப்பரும் நிற்காது. அங்கே பிரேக்கைத் தொடாமல், ஹேண்டிலைத் திருப்பாமல், நேராக உருண்டு கடப்பது ஒரு வழி. இறங்கித் தள்ளுவது இன்னொன்று.

மென்மைக்கு அளவுகோல் உண்டு. ஷோர் ஏ என்ற அளவில் எண் குறையக் குறைய ரப்பர் மிருது. பயிற்சிக்கும் ஊர் சுற்றவும் வரும் டயர்கள் 60, 70 பக்கம் நிற்கும். டவுன்ஹில்காரர்களின் பிசுபிசுப்பு ரப்பர் 42 வரை இறங்கும். ஷ்வால்பே 2017இல் இருந்து டயரில் வண்ணக் கோடு போட்டே இதைச் சொல்கிறது: சிவப்பு வேகத்துக்கு, நீலம் நடுவே, ஆரஞ்சு மென்மைக்கு, ஊதா மிக மென்மைக்கு. மிருதுவான ரப்பர் சீக்கிரம் தேயும் என்ற கவலை நியாயமானது. ஆனால் தேய்மானத்தின் பெரும்பகுதி பெடலின் உந்துதலைத் தாங்கும் பின் டயருக்கே. முன் டயர் உந்துவதில்லை. எனவே முன்னால் ஆரஞ்சு, பின்னால் நீலம் என்று போடுவது திருவனந்தபுரத்துக்கு ஏற்ற சேர்க்கை. ஏற்றத்தில் மென்மையின் இழுவையும் முன்சக்கரத்தில் அவ்வளவாக உறைக்காது.

இத்தனை பேச்சுக்குப் பிறகும் காற்றைச் சரியாக வைக்காவிட்டால் எல்லாம் வீண். நம்மூரில் சைக்கிளுக்குக் காற்று அடிப்பது என்றால் கல் மாதிரி அடிப்பதுதான். தெருமுனைக் கடையிலோ பெட்ரோல் பங்கிலோ அமுக்கிப் பார்த்து ‘நல்லா ஏறிடுச்சு’ என்று சொல்லும்போது உள்ளே 50, 60 பிஎஸ்ஐ இருக்கும். தார்ச்சாலைக்கு அது சரி. பாறையிலும் வேரிலும் அந்த டயர் பந்துபோல் துள்ளும். துள்ளும் டயர் தரையைத் தொடுவதே பாதி நேரம்தான். ட்யூப் இல்லாமல் ரிம்மோடு பொருந்தும் 2.4 அங்குல முன் டயரில், 70 கிலோ எடையுள்ளவர் 20 பிஎஸ்ஐ பக்கம் வைத்து ஓட்டுவது வழக்கம். பின்னால் இரண்டு மூன்று கூட. ட்யூப் இருந்தால் அவ்வளவு இறக்க முடியாது. கல்லில் மோதும்போது ட்யூப் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே நசுங்கி இரட்டைத் துளை விழும். சைக்கிள்காரர்கள் அதைப் பாம்புக்கடி என்கிறார்கள். 28, 30 என்று நிறுத்திக்கொள்ள வேண்டும். மலிவு டயர்கள் சிலவற்றின் பக்கச்சுவரில் 40க்குக் கீழே போகாதே என்று அச்சிட்டிருப்பார்கள். அந்த டயரை மலையில் மாற்றத்தான் வேண்டும் என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

ட்யூப் இல்லாத டயருக்குள் ஊற்றும் அடைப்புத் திரவம் பலவற்றிலும் இருப்பது ரப்பர்பால்தான். தொட்டாற்சிணுங்கி முள் குத்தியதும் பால் கசிந்து உறைந்து ஓட்டையை அடைக்கிறது. மரத்தில் கத்தி போட்ட இடத்தில் சொட்டும் அதே பால், சிரட்டையில் நிரம்பும் மரங்களுக்கு நடுவே சக்கரத்துக்குள்ளும் சுற்றிக்கொண்டு போகிறது. கேரள வெக்கையில் அது சில மாதத்தில் காய்ந்துவிடும், திரும்ப ஊற்ற மறப்பவர்களே அதிகம்.

செலவு என்ற கேள்வி கடைசியில் வந்தாலும் முதலில் நிற்பது அதுதான். முதல் மலைச் சைக்கிள் வாங்கும் கல்லூரி மாணவருக்கோ தொழில்நுட்பப் பூங்கா ஊழியருக்கோ வண்டியோடு வருவது கடின ரப்பரில், கம்பி வைத்த ஓரத்தோடு, 2.1 அங்குலத்துக்குக் குறைந்த ட்யூப் டயர். இரண்டையும் மாற்றினால் சைக்கிள் விலையில் கணிசமான பங்கு போய்விடும். முன்னதை மட்டும் மாற்றலாம். அதற்குத் தடையும் குறைவு: பின்பக்கச் சட்டத்தின் கால்களுக்கு நடுவே இடம் நெருக்கடியாக இருக்கும் சைக்கிளிலும் முன் ஃபோர்க்கில் 2.3, சிலவற்றில் 2.4 வரை நுழையும். வாங்கும் முன் ஃபோர்க்கின் கால்களுக்கு இடையே ஸ்கேல் வைத்து அளந்து, களிக்கு இரு பக்கமும் அரை விரலாவது விட வேண்டும். முன் டயர் பாதி தேய்ந்ததும் அதைப் பின்னால் போட்டு, புதியதை முன்னால் பூட்டுவது பழைய சிக்கன வழி. தேய்ந்த பின் டயரை முன்னால் போடுபவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு வண்டியைவிட முழங்கை மலிவு போலும்.

பொன்மூடியில் தகுதிப் போட்டி நடந்த அந்த ஒலிம்பிக்கின் மலைச் சைக்கிள் பந்தயம், 2024 ஜூலை இறுதியில் பாரிஸுக்கு மேற்கே எலான்கூர் குன்றில் நடந்தது. காய்ந்த சரளைப் பாதை, ஐப்பசிப் பொன்மூடிக்கு நேர் எதிர். ஜூலை 29 அன்று ஆண்கள் பந்தயத்தின் நடுவில் பிரிட்டனின் டாம் பிட்காக்குக்கு முன் டயர்தான் பஞ்சரானது. சக்கரத்தை மாற்றிக்கொண்டு, அரை நிமிடத்துக்கும் மேலான பின்னடைவைத் துரத்திப் பிடித்து, கடைசிச் சுற்றில் பிரான்ஸின் விக்டர் கொரெட்ஸ்கியைத் தாண்டித் தங்கம் வாங்கினார். அவருக்குப் பாதையோரத்தில் மெக்கானிக்கும் தயாராக ஒரு சக்கரமும் காத்திருந்தன. பொன்மூடியிலிருந்து கல்லாறு நோக்கி ஞாயிற்றுக்கிழமை இறங்குபவரின் முதுகுப்பையில் இருப்பது ஒரு மாற்று ட்யூப், கைப்பம்பு, பக்கச்சுவர் கிழிந்தால் உள்ளே வைத்து அடைக்க, கழற்றிப்போட்ட பழைய முன் டயரிலிருந்து வெட்டிய மூன்று விரல் அகலத் துண்டு.